கொடை வரிக்கு ஈடாகுமா?

வரியைக் குறைத்தால் செல்வந்தர்கள் தாமே மனமுவந்து பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் கட்டித் தருவார்கள் என்னும் வாதம் அவ்வப்போது முன்வைக்கப்படுகிறது. கொடையால் பயன் இல்லை என நாம் கூறவில்லை. ஆனால், கொடைக்கும் பொதுச்சேவைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஒடுக்கப்பட்டோரின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

1848இல் புனேயில் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கியவர் மகாத்மா ஜோதிராவ் பூலே. தீண்டப்படாதோருக்குத் தம் வீட்டு நீர்த்தொட்டியைத் திறந்துவிட்டவரும் அவரே. தனியார் முயற்சியின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே அறிந்த அவர், 1882இல் ஹண்டர் கல்விக் குழுவிடம் கொடையாளர்களின் இரக்கத்தைக் கோரவில்லை. உழவர்களின் உழைப்பில் திரளும் அரசு வருவாய் மேல்தட்டினரின் உயர்கல்விக்குச் செல்வதைச் சுட்டிக்காட்டி, வெகுமக்களுக்குக் கட்டாயத் தொடக்கக் கல்வி வேண்டும் என்றார்.

தண்ணீருக்கான போராட்டமும் இதையே உணர்த்துகிறது. 1923இல் பம்பாய் சட்டமன்றம் நிறைவேற்றிய எஸ்.கே. போலேயின் தீர்மானம், பொதுநிதியில் கட்டிப் பராமரிக்கப்படும் நீர்நிலைகளையும் தருமசாலைகளையும் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிடப் பரிந்துரைத்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் நீர் அருந்திய மகாத் சவுதார் குளம் நகராட்சியின் பொறுப்பில் இருந்தது. அதனாலேயே அத்தீர்மானத்தைக் காட்டி அங்கு உரிமை கோர முடிந்தது. ஒருவரது சொந்தக் கிணறாக இருந்திருப்பின், அவர் விருப்பமே முடிவாகியிருக்கும்.

இன்றைய கணக்கைப் பார்ப்போம். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணிக்கிறது. 2019-20இல் அவ்வாறு செலவானது சுமார் 25,000 கோடி ரூபாய். 2019 செப்டம்பரில் நிறுவன வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22ஆகக் குறைத்துப் பிற சலுகைகளும் அறிவித்த ஒன்றிய அரசு, அதனால் ஆண்டுக்கு 1.45 இலட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என மதிப்பிட்டது. சமூகப் பணிக்கு வந்ததைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு பொதுக்கருவூலத்திலிருந்து விட்டுக்கொடுக்கப்பட்டது. மேலும், நிறுவனம் செயல்படும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என அச்சட்டம் கூறுவதால், ஆலைகளற்ற வட்டாரத்துச் சேரிகளை அந்நிதி எட்டுவது அரிது.

கொடையைப் பெறுபவர் யார் என்பதைக் கொடையாளரே முடிவு செய்கிறார். வரிப்பணத்துக்கோ கணக்குக் கேட்க வழியுண்டு. பட்டியலினத்தவரின் மக்கள்தொகை விகிதத்திற்கேற்ப நிதி ஒதுக்கும் துணைத்திட்டக் கோட்பாடு 1979இல் உருவானது; தமிழ்நாட்டில் 2024இல் அதற்குத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அந்நிதி குறைந்தாலோ வேறு பணிக்குத் திருப்பப்பட்டாலோ சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விளக்கம் கோரலாம்.

சோப்பும் தீப்பெட்டியும் வாங்கும் தூய்மைப் பணியாளரும் சரக்கு மற்றும் சேவை வரி செலுத்துகிறார். எனவே, அவருடைய பிள்ளை பெறும் கல்வி உதவித்தொகை எவருடைய தயவும் அன்று. செல்வந்தர் தர விரும்பினால், உரிய வரியைச் செலுத்திய பின் தரட்டும்.