குண்டின் எடையும் குழலின் புரியும்

ரைபிள் சுடுவதில் தேர்ந்தவர்கள், இத்தனை கிரெயின் எடையுள்ள குண்டுக்கு இத்தனை அங்குலப் புரி என்று ஒரு வாய்பாட்டைக் கைக்கொண்டு, அதனையே பிரமாணமாகப் போற்றி வருகின்றனர். அவ்வாய்பாடு அனுபவத்தில் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆயினும் அதற்கு ஆதாரமான காரணத்தை ஆராயுமிடத்து, புரியை நிர்ணயிப்பது குண்டின் எடையன்று, நீளமே என்பதும், எடை அந்நீளத்தை உணர்த்தும் ஓர் அடையாளமாக நின்றே பயன்படுகிறது என்பதும் புலனாகும். இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குழலினுள் சுருண்டு செல்லும் பள்ளங்கள் ஒரு முழுச் சுற்றை முடிக்க எத்தனை அங்குலம் கொள்கின்றனவோ, அதுவே புரியின் அளவு; அவ்வளவு குறையக் குறையக் குண்டின் சுழற்சி மிகும். கூர்முனையுடைய நீண்ட குண்டு காற்றைக் கிழித்துச் செல்லுங்கால், காற்றின் எதிர்ப்பு ஒருங்கு திரண்டு தாக்கும் புள்ளி ஈர்ப்பு மையத்துக்கு முன்னே மூக்கின் பக்கம் அமைவதால், குண்டு சிறிதே சாய்ந்தாலும் காற்று அச்சாய்வைத் திருத்தாது பெருக்கி, அதனைக் குப்புறத் தள்ள முயல்கிறது. அம்முயற்சியை எதிர்த்து அச்சினை நிலைநிறுத்துவது சுழற்சி ஒன்றே. குண்டு நீள நீளப் புரட்டும் விசையின் வலிமை பெருகுவதால், வேண்டும் சுழற்சியும் பெருகுகிறது. ஆனால் வடிவமும் நீளமும் மாறாதிருக்க, அடர்த்தி மிக்க உலோகத்தால் எடை மட்டும் கூடுமாயின், வேண்டும் சுழற்சி குறையவே செய்யும். எடையே காரணமாயின் இவ்வாறு நிகழ்தல் கூடாது.

சரித்திரமும் இதற்குச் சான்று பகர்கிறது. பிரிட்டிஷ் சேனையின் 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு ரைபிள் 0.577 அங்குலத் துவாரமும் 78 அங்குலப் புரியும் உடையது. மான்செஸ்டர் நகரத்துப் பொறியியல் மேதை ஜோசப் விட்வொர்த், என்ஃபீல்டு குண்டின் அதே 530 கிரெயின் எடையை 0.451 அங்குல அறுகோணத் துவாரத்துள் அடக்கினார். எடை மாறவில்லை, எனினும் குறுகிய துவாரத்துள் அடங்கவேண்டி, குண்டு தன் விட்டத்தைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு நீண்டது. அதன்பொருட்டு அவர் தேர்ந்த புரி 20 அங்குலம். 1857இல் நடந்த பரீட்சைகளில் விட்வொர்த்தின் ரைபிள் என்ஃபீல்டைத் துல்லியத்தில் வெகுவாக விஞ்சியது. பின்னர் 1879இல், உல்விச்சில் கணிதம் போதித்த ஆல்பிரெட் ஜார்ஜ் கிரீன்ஹில், 150 என்னும் எண்ணை விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி நீளத்தால் வகுத்தால் புரி கிட்டும் என்று சூத்திரம் வகுத்தார். அச்சூத்திரத்தில் எடைக்கு இடமேயில்லை. விட்வொர்த்தின் குண்டுக்கு அதனைப் பிரயோகித்தால் விடை சுமார் 22½ அங்குலமாகும். பரிசோதனையால் கண்ட 20க்கு அது வெகு அண்மையில் நிற்கிறது.

அமெரிக்க எம்16 ரைபிளின் வரலாறு இன்னும் தெளிவானது. தொடக்கத்தில் 14 அங்குலமாயிருந்த புரி, கடுங்குளிரில் செறிந்த காற்று 55 கிரெயின் குண்டின் நிலையைக் குலைத்தமையால், 1963இல் 12 அங்குலமாக்கப்பட்டது. அங்கே எடையும் நீளமும் மாறவில்லை. மாறியது காற்றின் அடர்த்தியே. பின்னர் எம்16ஏ2 ரைபிளுக்குப் புரி 7 அங்குலமாயிற்று. புதிய 62 கிரெயின் குண்டுக்கு 9 அங்குலமே போதியதாயிருந்தது. ஏறக்குறைய 64 கிரெயின் எடையே உடையதாயினும் மிக நீண்ட ஒளிர்தடக் குண்டின்பொருட்டே 7 அங்குலம் வேண்டப்பட்டது. இரண்டு கிரெயின் வேறுபாடு இவ்வளவு பெரிய மாற்றத்தை எவ்வாறு விளக்கும்?

ஒரே துவாரத்துள், ஈயமும் செம்பு உறையும் கொண்ட குண்டுகளை ஒப்பிடுங்கால் எடையேற நீளமும் ஏறுமாதலின் வாய்பாடு போதுமே என்று வாதிக்கலாம். அவ்வெல்லைக்குள் அது மெய்யே. ஆனால் ஈயத்தின் ஒப்படர்த்தி 11.3, செம்பினது 8.9. ஆதலின் முழுச் செம்புக் குண்டு அதே எடையில் நீண்டும், அடர்த்தி குறைந்தும் நிற்பதால், அதற்கு இருவகையாலும் மிகுந்த சுழற்சி வேண்டும். வாய்பாட்டை மட்டும் நம்பியவன் இங்கே ஏமாறுவான்.

அங்ஙனமாயின் எக்குழலுக்கும் மிகுந்த சுழற்சி தரும் புரியே அமைத்துவிடலாமே எனின், அதுவும் பொருந்தாது. எந்தக் குண்டும் முற்றும் சமநிலையுடையதன்று. அதன் ஈர்ப்பு மையம் வடிவின் அச்சிலிருந்து அணுவளவேனும் விலகியே இருக்கும். குழல்வாயை நீங்கும் கணத்தில் அவ்விலகல் குண்டைப் பக்கவாட்டில் எறிகிறது. அவ்வீச்சு சுழற்சிக்கு நேர்விகிதமாவதால், 14 அங்குலப் புரியினும் 7 அங்குலப் புரியில் அது இருமடங்காகும். வினாடிக்கு 3000 அடி வேகத்தில் 7 அங்குலப் புரி நிமிஷத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுகளைத் தருகிறது. குண்டின் சிறு குறையும் அங்கே பெருங்குறையாகிவிடும்.

ஆகவே, தான் பயன்படுத்தக் கருதிய குண்டுகளுள் மிக நீண்டதையும், எதிர்ப்படக்கூடிய மிகச் செறிந்த காற்றையும் முன்வைத்து, அவற்றுக்குப் போதிய அளவும் சிறிது காப்பும் உள்ள புரியைக் கொண்டு, அதற்குமேல் செல்லாதிருத்தலே துல்லியத்துக்கு உகந்த நெறியாகும். குண்டுப் பெட்டியின்மீது எடையைத் தவறாது பொறிக்கும் உற்பத்தியாளர்கள் அனைவரும் நீளத்தையும் அதனருகே பொறிப்பாராயின், சுடுவோர் அடையாளத்தை விடுத்துக் காரணத்தையே கொண்டு தம் குழலைத் தேர்ந்துகொள்வர்.