நம்பகமற்ற கணினியும் ஒருமுறைக் கடவுச்சொல்லும்

பொதுக் கணினி ஒன்றில் அமர்ந்து வங்கிக் கணக்கைத் திறப்பவருக்கும் தொலைவிலுள்ள வழங்கிக்கும் நடுவே நிற்பது அந்தக் கணினியே. தட்டும் எழுத்துகளை அது களவாகப் பதிவு செய்யலாம். திரையில் பொய்யையும் காட்டலாம். செய்தியை மறைகுறியாக்கி அனுப்பினாலும் இக்குறை தீராது. மறைகுறியாக்கும் வேலையைச் செய்வதும் அதே கணினிதானே!

களவுக்கு 1981இல் விடை தந்தவர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட். ஓர் இரகசிய எண்ணை ஒருவழிச் சார்பு ஒன்றில் இட வேண்டும். வரும் விடையை மீண்டும் அதிலேயே இட வேண்டும். இவ்வாறு 1000 முறை செய்து கிடைக்கும் இறுதி விடையை மட்டும் வழங்கி வைத்திருக்கும். முதல்முறை நுழைபவர் 999ஆம் விடையைத் தருவார். வழங்கி அதைச் சார்பில் ஒருமுறை இட்டு, தன்னிடமுள்ள விடை வருகிறதா எனப் பார்க்கும். வந்தால் ஏற்று, இனி 999ஆம் விடையை வைத்துக்கொள்ளும். அடுத்த முறைக்கு 998. ஒட்டுக் கேட்டவன் கையில் 999 இருந்தாலும் அதிலிருந்து 998ஐக் கணிக்க இயலாது. சார்பு பின்னோக்கிச் செல்லாது. வழங்கியில் இருப்பதைத் திருடினாலும் அதே கதிதான். இம்முறையின் அழகு இதில்தான் உள்ளது.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் பெல்கோர் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய எஸ்/கீ. அதில் ஒவ்வொரு கடவுச்சொல்லும் 64 பிட் நீளமுள்ள எண். அவ்வளவு பெரிய எண்ணைப் பிழையின்றித் தட்டுவது கடினம் என்பதால், 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஆறு சிறு ஆங்கிலச் சொற்களாக அதை மாற்றினர். பயணம் செல்வோர் அவற்றைத் தாளில் அச்சிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

பொய்த்திரைக்கு இது மருந்தாகவில்லை. பயனர் 500 அனுப்பச் சொல்ல, கணினி அதை 50,000 ஆக்கி வேறொரு கணக்குக்குத் திருப்பிவிட்டால், அதற்கான கடவுச்சொல்லை ஏமாந்த பயனரே தந்துவிடுவார். எனவே கணினியைச் சாராத இன்னொரு திரை தேவைப்பட்டது. 1997இல் மோனி நாவோர், பென்னி பிங்கஸ் ஆகியோர் புள்ளிகள் அச்சிட்ட ஒளிபுகு தாளையே போதுமாக்கினர். அதைத் திரைமேல் பொருத்தினால் வழங்கி அனுப்பிய செய்தி கண்ணுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஐபிஎம் நிறுவனத்தின் சூரிக் ஆய்வகம் 2008இல் வெளியிட்ட ஸெட்டிக் என்னும் சிறு கருவி, பணம் பெறுபவரையும் தொகையையும் தன் திரையில் காட்டி ஒப்புதல் கேட்டது.

தொகையையும் சேர்த்துச் சொல்லும் ஓ.டி.பி. குறுஞ்செய்தியும் இதே வகையில் பயன்படுகிறது. படிக்காமல் எண்ணை மட்டும் தட்டுபவருக்கு அந்தப் பயன் கிட்டாது. வங்கிச் செயலியும் குறுஞ்செய்தியும் ஒரே கைபேசியில் இருக்கும்போதோ, இரண்டாவது திரை என்பதே இல்லாமற் போகிறது.