அதிவேக அபராதம்: நீதிமன்றத்தில் எதிர்த்து வாதிட சட்டம் தரும் வழிகள் என்ன?

புதுடெல்லி: நெடுஞ்சாலையில் காவலர் யாரும் வழிமறிக்கவில்லை. ஆனால், சில நாட்கள் கழித்து கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அனுமதிக்கப்பட்ட வேகத்தை மீறி வாகனம் ஓட்டியதாக இ-சலான் பதிவாகியுள்ளது என்கிறது அச்செய்தி. பெரும்பாலானோர் அலைச்சலுக்கு அஞ்சி உடனே பணத்தைச் செலுத்திவிடுகின்றனர். குற்றச்சாட்டு உண்மையானால் அதுவே எளிய வழி. ஆனால், வேகம் தவறாகப் பதிவாகியிருந்தாலோ, வாகனமே வேறாக இருந்தாலோ, அதை நீதிமன்றத்தில் எதிர்க்கும் உரிமை ஒவ்வொரு வாகன ஓட்டிக்கும் உண்டு. அந்த உரிமையின் எல்லைகளையும் நடைமுறைகளையும் இத்தொகுப்பில் காணலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வேக வரம்பு குறித்து மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 112ஆவது பிரிவு பேசுகிறது. அதை மீறுவோருக்கான தண்டனை 183ஆவது பிரிவில் உள்ளது. 2019ஆம் ஆண்டு திருத்தத்திற்குப் பின், கார் உள்ளிட்ட இலகுரக வாகனங்களுக்கு ரூ.1,000 முதல் ரூ.2,000 வரையிலும், நடுத்தர மற்றும் கனரக வாகனங்களுக்கு ரூ.2,000 முதல் ரூ.4,000 வரையிலும் அபராதம் விதிக்கலாம். இரண்டாவது முறையும் இதே குற்றம் நிகழ்ந்தால் ஓட்டுநர் உரிமமும் பறிமுதல் செய்யப்படும். தன்னிடம் பணிபுரியும் ஓட்டுநரை அதிவேகமாக ஓட்டச் செய்யும் உரிமையாளரும் இப்பிரிவின் கீழ் பொறுப்பாவார். நீதிமன்றத்திற்குச் செல்லாமல் கட்டணம் செலுத்தி வழக்கை முடித்துக்கொள்வதற்கான தொகையை, 200ஆவது பிரிவின் கீழ் அந்தந்த மாநில அரசுகள் நிர்ணயிக்கின்றன.

வேகத்துடன் ஆபத்தான முறையில் ஓட்டியதாகவும் குற்றம் சாட்டப்பட்டால் 184ஆவது பிரிவு பாயும். முதல் முறைக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் நிகழ்ந்தால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆகவே, சலான் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல. எந்தப் பிரிவு குறிப்பிடப்பட்டுள்ளது என்பதையே.

அபராதத்தைவிடப் பெரிய இழப்பு

பலர் அறியாதது, பணத்துடன் விஷயம் முடிவதில்லை என்பது. 206ஆவது பிரிவின்படி, அதிவேகக் குற்றத்தில் காவல் அதிகாரி ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றி, தகுதி நீக்க நடவடிக்கைக்காக உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்பலாம். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல் போன்ற குற்றங்களுக்கு உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு இடைநிறுத்துமாறு 2015ஆம் ஆண்டு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

சொந்தக் காரில் அலுவலகம் செல்பவருக்கு இது சிரமம் மட்டுமே. லாரி, வாடகைக் கார், பேருந்து ஓட்டிப் பிழைப்பவருக்கோ மூன்று மாத வருமானமே போய்விடும். எனினும், 19ஆவது பிரிவின் கீழ் உரிமத்தை முடக்கும் முன், அதை வைத்திருப்பவரின் விளக்கத்தைக் கேட்பதும், காரணங்களை எழுத்தில் பதிவு செய்வதும் கட்டாயம். அந்த உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடும் செய்யலாம்.

14 நாள், 28 நாள் விதி

அதிவேக வழக்குகளில் அதிகம் கவனிக்கப்படாத பாதுகாப்பு, சட்டத்தின் 209ஆவது பிரிவு. 183 அல்லது 184ஆவது பிரிவின் கீழ் ஒருவரைத் தண்டிக்க வேண்டுமெனில், பின்வரும் மூன்றில் ஏதேனும் ஒன்று நடந்திருக்க வேண்டும்.

* குற்றம் நிகழ்ந்த நேரத்திலேயே, வழக்குத் தொடர்வது பரிசீலிக்கப்படும் என ஓட்டுநரிடம் எச்சரித்திருக்க வேண்டும்.

* 14 நாட்களுக்குள், குற்றத்தின் தன்மை, நேரம், இடம் ஆகியவற்றைக் குறிப்பிடும் அறிவிப்பு ஓட்டுநருக்கோ பதிவு பெற்ற உரிமையாளருக்கோ நேரில் வழங்கப்பட்டிருக்க வேண்டும் அல்லது பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டிருக்க வேண்டும்.

* 28 நாட்களுக்குள் நீதிமன்ற சம்மன் வழங்கப்பட்டிருக்க வேண்டும்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. உரிய முயற்சி எடுத்தும் பெயர், முகவரியைக் கண்டறிய முடியவில்லை என்றாலோ, தாமதத்திற்குக் குற்றம் சாட்டப்பட்டவரின் நடத்தையே காரணமாக இருந்தாலோ, இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பதிவுச் சான்றிதழில் பழைய முகவரியையும் பழைய கைபேசி எண்ணையும் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். குறுஞ்செய்தி வந்த தேதி, தபால் உறையில் உள்ள முத்திரை ஆகியவற்றைப் பாதுகாப்பது நல்லது.

காலவரம்பு மற்றொரு கோணத்திலும் உதவும். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை, அது நிகழ்ந்து ஆறு மாதங்களுக்குப் பின் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க இயலாது என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514ஆவது பிரிவு. ஓராண்டு வரை சிறைக்கு இடமுள்ள குற்றமெனில் வரம்பு ஓராண்டு. தாமதத்திற்கு ஏற்கத்தக்க காரணம் இருந்தால் அதை மன்னிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு உண்டு.

கண் பார்வை சாட்சியம் போதாது

"வண்டி மிக வேகமாகச் சென்றது" என ஒரு காவலர் சாட்சி சொன்னால் மட்டும் போதுமா? போதாது என்கிறது 183ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு. வேகம் பற்றிய ஒரே ஒரு சாட்சியின் கருத்தை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. இயந்திர அல்லது மின்னணுக் கருவியால் பெறப்பட்ட அளவீட்டின் அடிப்படையில் அக்கருத்து அமைந்ததாகக் காட்டப்பட வேண்டும்.

ஆகவே வழக்கின் மையம் கருவியே. 136ஏ பிரிவின் கீழ் மின்னணுக் கண்காணிப்புக்காக 2021ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட 167ஏ விதி, பல நிபந்தனைகளை வகுத்தது. கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும். அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். கேமரா கண்காணிப்பு உள்ள பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். குற்றம் நிகழ்ந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். சலானில் எண் பலகையும் குற்றமும் தெளிவாகத் தெரியும் படம், கருவியின் அளவீடு, தேதி, நேரம், இடம், மீறப்பட்ட சட்டப்பிரிவு ஆகியவை இடம்பெற வேண்டும். மின்னணுச் சாட்சியத்திற்கான சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும்.

அந்தச் சான்றிதழ் வெறும் சம்பிரதாயம் அல்ல. மூலக் கருவியே நீதிமன்றத்தில் முன்வைக்கப்படாதபோது, மின்னணுப் பதிவை ஏற்கச் சான்றிதழ் கட்டாயம் என அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்த இந்த ஏற்பாடு, தற்போது பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆவது பிரிவில் தொடர்கிறது. வேகத்தை அளக்கும் ரேடார் கருவிகளைச் சட்டமுறை எடையளவுத் துறையின் சரிபார்ப்புக்கும் முத்திரைக்கும் உட்படுத்தும் விதிகள் 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன.

அறிவிப்புப் பலகையும் ஆதாரமே

குறிப்பிட்ட சாலையில் வேக வரம்பைக் குறைக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால், 112ஆவது பிரிவின்படி அரசிதழ் அறிவிக்கையும், உரிய இடங்களில் சாலைக் குறியீட்டுப் பலகைகளும் தேவை. ஒரு மாதத்திற்கு மேற்படாத தற்காலிகக் கட்டுப்பாட்டிற்கு மட்டும் அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை.

பலகை எவ்வளவு முக்கியம் என்பதை டெல்லியில் 2019ஆம் ஆண்டு நிகழ்ந்த சம்பவம் காட்டியது. நிஜாமுதீன் பாலத்திற்கும் காஜிப்பூருக்கும் இடையிலான நெடுஞ்சாலையில், பலகை மணிக்கு 70 கி.மீ. என்று காட்ட, கேமராக்களோ 60 கி.மீ. வரம்பின் அடிப்படையில் சலான்களைப் பதிவு செய்தன. இந்த முரண்பாடு வெளிச்சத்திற்கு வந்ததும், சுமார் 1.5 லட்சம் சலான்களை டெல்லி போக்குவரத்துக் காவல்துறை திரும்பப் பெற்றது. சலான் குறிப்பிடும் இடத்திற்குச் சென்று, பலகை உள்ளதா, மரக்கிளை மறைக்கிறதா, அதில் எந்த வேகம் எழுதப்பட்டுள்ளது என்பதைத் தேதியுடன் படம் எடுத்து வைப்பது, வாய்மொழி வாதத்தைவிட வலுவானது.

சலானில் சரிபார்க்க வேண்டியவை

* படத்தில் உள்ள வாகனத்தின் வகை, நிறம், மாடல் ஆகியவை தங்கள் வாகனத்துடன் பொருந்துகின்றனவா?

* எண் பலகை சரியாகப் படிக்கப்பட்டுள்ளதா? ஆங்கில 'பி' எழுத்தும் 8 என்ற எண்ணும் போன்றவை மாறிப் பதிவாக வாய்ப்புண்டு. ஒரே எண்ணைப் போலியாகப் பொருத்திய வாகனங்களும் பிடிபட்டுள்ளன.

* படத்தில் அருகருகே வேறு வாகனங்கள் உள்ளனவா? அளவீடு எந்த வாகனத்திற்கு உரியது?

* அந்த நேரத்தில் வாகனம் வேறிடத்தில் இருந்ததைக் காட்டும் சுங்கச்சாவடி ஃபாஸ்டேக் பதிவு, வாகன நிறுத்த ரசீது, ஜிபிஎஸ் பதிவு ஏதேனும் உள்ளதா?

* வாகனம் விற்கப்பட்டிருந்தால், பதிவுச் சான்றிதழில் பெயர் மாற்றப்பட்டதா? மாற்றப்படாத வரை சலான் பழைய உரிமையாளருக்கே வரும்.

இத்தகைய வெளிப்படையான பிழைகளுக்கு முதலில் போக்குவரத்துக் காவல்துறையிடமோ, இ-சலான் இணையதளத்தின் புகார் பகுதியிலோ முறையிடலாம். பல நேரங்களில் நீதிமன்றம் வரை செல்லாமலே தீர்வு கிடைக்கும். அதேவேளையில், இ-சலான் என்ற பெயரில் போலிக் குறுஞ்செய்திகளும் உலவுகின்றன. செயலியைப் பதிவிறக்கச் சொல்லும் இணைப்புகளைத் தொடாமல், 'ஜிஓவி.இன்' என முடியும் அரசு இணையதளத்தில் வாகன எண்ணைக் கொடுத்துச் சரிபார்ப்பதே பாதுகாப்பானது.

நீதிமன்றத்தில் நடப்பது என்ன?

போக்குவரத்துச் சலான்களுக்கான மெய்நிகர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு டெல்லியில் தொடங்கப்பட்டது; பின்னர் பிற மாநிலங்களுக்கும் விரிந்தது. அதன் இணையதளத்தில் இரண்டு தேர்வுகள் உண்டு. ஒன்று, முன்மொழியப்பட்ட அபராதத்தைச் செலுத்துவது. மற்றொன்று, வழக்கை எதிர்ப்பது. எதிர்ப்பதைத் தேர்ந்தெடுத்தால், வழக்கு அதிகார வரம்புள்ள வழக்கமான நீதிமன்றத்திற்கு மாற்றப்படும்.

அங்கு சம்மனில் உள்ள நாளில் நேரிலோ வழக்கறிஞர் மூலமோ முன்னிலையாக வேண்டும். குற்றச்சாட்டின் சாரம் வாசிக்கப்பட்டு, ஒப்புக்கொள்கிறீர்களா எனக் கேட்கப்படும். மறுத்தால், அரசுத் தரப்பு தன் சாட்சிகளையும் ஆவணங்களையும் முன்வைக்க வேண்டும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது, கருவியின் சான்றிதழ் எப்போது புதுப்பிக்கப்பட்டது, அதை இயக்கியவர் யார், பலகை எங்கே இருந்தது போன்ற கேள்விகளை எழுப்பலாம். பின்னர் எதிர்தரப்பின் விளக்கமும் ஆதாரங்களும் பெறப்பட்டுத் தீர்ப்பு வழங்கப்படும். குற்றத்தை நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பையே சாரும்.

ஆபத்தான ஓட்டுதலும் சேர்ந்த வழக்குகளில், 1998ஆம் ஆண்டு கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்கின் தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. "அதிவேகம்" என்ற சொல் மட்டுமே அலட்சியத்தையோ கண்மூடித்தனத்தையோ நிரூபிக்காது என உச்ச நீதிமன்றம் அதில் கூறியது.

கவனம் தேவைப்படும் முடிவுகள்

குற்றத்தை ஒப்புக்கொண்டபின் மனம் மாறினால் வழி மிகக் குறுகியது. ஒப்புக்கொண்டவர், தண்டனையின் அளவு அல்லது அதன் சட்டப்பூர்வத் தன்மை குறித்து மட்டுமே மேல்முறையீடு செய்ய முடியும். விசாரணைக்குப் பின் ரூ.1,000 அல்லது அதற்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டவரோ, 30 நாட்களுக்குள் அமர்வு நீதிமன்றத்தை முழுமையாக நாடலாம்.

லோக் அதாலத் என்பது சமரசத்திற்கான மன்றம். குற்றமே செய்யவில்லை என நிறுவ விரும்புவோருக்கு அது ஏற்ற இடமல்ல. அதன் தீர்வுக்கு எதிராக மேல்முறையீடும் கிடையாது.

சம்மனைப் புறக்கணிப்பது மிகத் தவறான முடிவு. அது பிடியாணையில் முடியலாம். வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றோர், பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் கீழ் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் தொடர்பு கொள்ளலாம்.

யார் எதிர்க்கலாம்?

"மற்றவர்களும் வேகமாகத்தான் சென்றனர்", "அவசர வேலை இருந்தது" என்பன குற்றத்தை நீக்கும் வாதங்கள் அல்ல. அதிகபட்சம் தண்டனையைக் குறைக்கக் கேட்கலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டு நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இவர்களில் 71.2 விழுக்காட்டினரின் மரணம் அதிவேகத்துடன் தொடர்புடையது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன் 2012ஆம் ஆண்டு தொடர்ந்த பொதுநல வழக்கில்தான், மின்னணுக் கண்காணிப்பை நடைமுறைப்படுத்துமாறு 2024ஆம் ஆண்டு மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

கேமராக்கள் பெருகும் காலத்தில் பிழையான சலான்களும் வரக்கூடும். தேதி, படம், பலகை, சான்றிதழ் ஆகிய நான்கில் ஒன்றிலேனும் உறுதியான குறை இருந்தால் எதிர்த்து வாதிடுவதில் பொருளுண்டு. எதிலும் குறையில்லை எனில், கெடுவுக்குள் அபராதத்தைச் செலுத்தி, அடுத்த பயணத்தில் வேகத்தைக் குறைப்பதே உகந்தது.