ஹெரால்டு, அம்பாசடர், டால்பின்: விரிசல் விட்ட தகடுகளின் கதை

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் ஊர்கள் வரிசையாக வரும். தோல் பதனிடும் தொழிற்சாலைகள், ஷூ கம்பெனிகள் எல்லோருக்கும் தெரியும். ஆம்பூர் பிரியாணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்! ஆனால் அதே சாலையோரத்தில், யாரும் நின்று பார்க்காத இன்னொரு தொழிலும் நடக்கிறது. "டிங்கரிங் - பெயின்டிங்" என்று பலகை மாட்டிய பட்டறைகள்தான் அவை.

இந்தச் சாலைக்கு ஒரு மோட்டார் வரலாறும் உண்டு. இதன் சென்னை முனையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் தயாரானது. பெங்களூர் முனையில் டால்பின் என்ற ஃபைபர் கார் தயாரானது. வங்காளத்தில் தயாரான அம்பாசடரோ எல்லா ஊரிலும் ஓடியது. மூன்றுக்கும் உடம்பு மூன்று விதம். அதனால் விரிசல் விட்ட விதமும் வேறு, அதைச் சரிசெய்த விதமும் வேறு.

டிங்கர் என்றால் யார்?

டிங்கர் என்பது ஆங்கிலச் சொல்தான். ஊர் ஊராகப் போய் ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுப்பவருக்கு இங்கிலாந்தில் அந்தப் பெயர். நம்மூரில் அது கார் தகட்டை நிமிர்த்துபவர், கிழிந்த தகட்டை ஒட்ட வைப்பவர் என்று பொருள் மாறிவிட்டது. அவருடைய முக்கியமான ஆயுதம் கேஸ் வெல்டிங். ஆக்சிஜன், அசிட்டிலின் இரண்டையும் கலந்து எரிக்கும் டார்ச்சை 1903ல் பிரான்சில் ஃபூஷே, பிக்கார் என்ற இருவர் உருவாக்கினார்கள். கார்பைடு கல்லில் தண்ணீர் விட்டால் அசிட்டிலின் வரும் என்பதால் மின்சாரம் இல்லாத இடத்திலும் இந்த வேலை நடந்தது. சின்ன ஊர்களுக்கும் இந்தத் தொழில் போய்ச் சேர்ந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஏன் பழுது பார்த்தே ஆக வேண்டியிருந்தது?

1960களிலும் 70களிலும் இந்தியாவில் ஒருவர் புதிய கார் வாங்க நினைத்தால் அம்பாசடர், ஃபியட் (பிறகு பிரீமியர் பத்மினி), ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று மூன்றே வகைதான். எத்தனை கார் தயாரிக்கலாம் என்பதை அரசு லைசென்ஸ் தீர்மானித்தது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட காலத்தில், தகடு விரிந்துவிட்டது என்று காரைத் தூக்கிப் போட யாருக்கு மனம் வரும்? பாகத்தை மாற்றுவதைவிட இருப்பதைத் தைத்து, பலப்படுத்தி ஓட்டுவதே வழக்கமாயிற்று. புதுத் தகடு வாங்கக் கிடைக்காத ஒரு நாட்டில் டிங்கர்தான் இரண்டாவது தொழிற்சாலை!

போல்ட் போட்ட கார்

ஹெரால்டின் கதை இங்கிலாந்தில் ஒரு வியாபாரச் சண்டையில் தொடங்குகிறது. கார் பாடிகளை அழுத்தித் தரும் ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனியை 1953ல் பி.எம்.சி. வாங்கிவிட்டது. அதுவரை அங்கே பாடி வாங்கிக்கொண்டிருந்த ஸ்டாண்டர்ட் டிரையம்ஃப் நிறுவனத்துக்கு, முழு உடம்பையும் ஒரே கூடாகச் செய்து தர ஆள் இல்லாமல் போயிற்று. அதனால் அவர்கள் பழைய முறைக்கே திரும்பினார்கள். கீழே தனியாக ஒரு சேஸிஸ். மேலே, பல தொழிற்சாலைகளில் தனித்தனியாகச் செய்த பாகங்களை போல்ட் போட்டுச் சேர்த்த பாடி. இத்தாலியின் மிக்கலோட்டி வடிவமைத்த இந்தக் கார் 1959ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1961 முதல் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா அதைத் தயாரித்தது.

எங்கோ நடந்த அந்தச் சண்டை நம்மூர் டிங்கருக்கு லாபமாக முடிந்தது. அடிபட்ட பாகத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தே வேலை செய்யலாம். தகட்டின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. போல்ட் போட்ட இடமெல்லாம் ஒரு துளை. போல்ட் தளர்ந்தால் தகடு ஆடும், ஆட ஆடத் துளையின் விளிம்பில் விரிசல் பிறக்கும். அதை வெளியே மட்டும் வெல்டு வைத்து மூடினால் சில மாதத்தில் பக்கத்தில் இன்னொரு விரிசல் வரும். துளையை அடைத்து, பின்னால் அகலமான ஒட்டுத்தகடு வைத்து, புதிதாகத் துளையிட்டு, பெரிய வாஷர் போட்டு முடுக்குவதுதான் நிற்கும் வேலை. போல்டின் இழுப்பு ஒரு புள்ளியில் விழாமல் பரவ வேண்டும் என்பதே இதன் தத்துவம்.

உடம்பே எலும்பான கார்

1958ல் வந்த அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 காரின் இந்திய வடிவம். அதில் தனி சேஸிஸ் கிடையாது. தரை, தூண், கூரை, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. மட்கார்டில் விரிசல் என்றால் அழகு கெடும், அவ்வளவுதான். கதவுத் தூணின் அடியில் விரிசல் என்றால் காரே வளைகிறது என்று பொருள். கதவு சரியாகச் சாத்தவில்லை என்பதுதான் அதன் முதல் அறிகுறி. இங்கே அவசரப்பட்டு வெல்டு வைத்தால், வளைந்த நிலையிலேயே கார் உறைந்துவிடும். முதலில் காரை மட்டமாகத் தாங்கி நிறுத்தி, கதவு இடைவெளியை அளந்து சரிசெய்த பிறகுதான் டார்ச்சைக் கையில் எடுக்க வேண்டும்.

தோல் ஊர்களில் இதோடு இன்னொரு எதிரியும் சேர்ந்துகொண்டது. உப்பு! பச்சைத் தோல் அழுகாமல் இருக்க, தோலின் எடையில் சுமார் 40 விழுக்காடு வரை உப்புத் தடவுவார்கள். அந்தத் தோலை ஏற்றி வரும் லாரியில் உப்பு நீர் சொட்டும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரும்பு வெகு வேகமாகத் துருப்பிடிக்கும். கடற்கரையிலிருந்து 100 கி.மீ.க்கு மேல் தள்ளி இருந்தும், கடலோர ஊர் வண்டிகளுக்கு வரும் நோய் இங்குள்ள தோல் லாரிகளுக்கும் வரக் காரணம் இதுதான். துரு தின்று மெலிந்த தகடு வெல்டிங் சூட்டைத் தாங்காது, ஓட்டையாகிவிடும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

துருப்பிடிக்காத கார்

பெங்களூரின் சிபானி நிறுவனம் 1982ல் டால்பினைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ரிலையண்ட் கிட்டன் என்ற காரின் மறுபிறவி அது. 848 சி.சி. என்ஜின், இரும்பு சேஸிஸ், அதன்மேல் கண்ணாடி இழையும் ரெசினும் சேர்த்துச் செய்த பாடி. அமெரிக்காவில் 1953லேயே கார்வெட் கார் இந்த வகை உடம்போடு வந்துவிட்டது. எடை குறைவு என்பதால் தென்னிந்திய ரேலிகளில் டால்பினுக்கு ரசிகர்கள் இருந்தார்கள். ஆனால் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு டால்பினால் நிற்க முடியவில்லை.

ஃபைபர் துருப்பிடிக்காது. நசுங்காது. ஆனால் வெடிக்கும். கதவுக் கீல், பாடியைச் சேஸிஸோடு பூட்டும் இடம் ஆகியவற்றைச் சுற்றித்தான் விரிசல் முதலில் தெரியும். இங்கே சுத்தியலுக்கும் டார்ச்சுக்கும் வேலையில்லை. பின்பக்கத்தைத் தேய்த்துச் சரிவாக்கி, சுத்தமாகத் துடைத்து, ரெசினில் நனைத்த இழைப் பாயை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிதாக ஒட்ட வேண்டும். தகட்டில் பழகிய கைகளுக்கு இது முற்றிலும் புதிய பாடம். ஆனாலும் அடிப்படை விதி அதேதான்: பின்னாலிருந்து பலப்படுத்து, பாரத்தைப் பரப்பு.

விரிசலின் நுனி

தகட்டு வேலையில் கைதேர்ந்த டிங்கர், வெல்டு வைக்கும் முன் ஒரு காரியம் செய்வார். விரிசல் முடியும் இடத்தில் சின்னதாக ஒரு துளை போடுவார். நுனி கண்ணுக்குத் தெரியாவிட்டால் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புத் தூளைத் தூவினால் போதும். உள்ளே இறங்கிய எண்ணெய் மேலே ஊறி வந்து கோடாகக் காட்டிக் கொடுத்துவிடும். ஏற்கனவே கிழிந்த தகட்டில் இன்னொரு ஓட்டையா என்று பார்ப்பவருக்குத் தோன்றும்!

இதற்கான கணக்கை 1913ல் இங்கிலீஸ் என்ற பொறியாளர் கப்பல் கட்டுவோருக்காக எழுதினார். 1921ல் கிரிஃபித் கண்ணாடியில் சோதனை செய்து அதை மேலும் விளக்கினார். நுனி எவ்வளவு கூர்மையோ, அந்த இடத்தில் இழுப்பு அவ்வளவு அதிகம். தகட்டின் ஓரத்திலிருந்து 50 மி.மீ. உள்ளே போன விரிசலின் நுனி ஆரம் 0.02 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், இங்கிலீஸ் கணக்குப்படி அங்கே இழுப்பு சுமார் 100 மடங்கு. அதே நுனியில் 3 மி.மீ. துளை போட்டால் சுமார் 12 மடங்காகக் குறைகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 12 மடங்கு என்பதும் குறைவில்லை. துளை விரிசலை நிறுத்தி வைக்கும், குணமாக்காது. அதனால்தான் துளைக்குப் பிறகு வெல்டும், வெல்டுக்குப் பிறகு ஒட்டுத்தகடும் தேவைப்படுகின்றன. ஒட்டுத்தகட்டின் மூலையையும் வட்டமாகவே வெட்ட வேண்டும். கூர்மூலை வைத்தால் அடுத்த விரிசல் அங்கேயே தொடங்கும். ஒட்டு மிகத் தடிமனாக இருந்தாலும் அதன் ஓரத்தில் பழைய தகடு வெடிக்கும்.

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் காமெட் ஜெட் விமானம். 1954ல் ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு விமானங்கள் வானிலேயே சிதறின. திரும்பத் திரும்ப வந்த காற்றழுத்தத்தில், தகட்டில் வெட்டிய திறப்புகளின் மூலையில் விரிசல் பிறந்து பரவியதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

பட்டி என்னும் முகமூடி

1950களில் பாலியெஸ்டர் பட்டி வந்தது. அதற்கு முன் ஈயத்தை உருக்கித் தகட்டின் பள்ளத்தை நிரப்பினார்கள். அது கஷ்டமான வேலை. பட்டி வந்தபின் எவரும் விரிசலை அரை மணியில் மறைக்கலாம் என்றாகிவிட்டது. பட்டி கெட்டது இல்லை, மெல்லிய பள்ளத்தை நிரப்ப அது தேவைதான். ஆனால் அதற்கு பலம் கிடையாது, ஈரத்தையும் உறிஞ்சும். விரிசல்மேல் பூசினால் உள்ளே துரு வளரும், வெளியே பெயின்ட் பளபளக்கும். ஏமாறுவது அதை அடுத்து வாங்குபவர்.

இன்று

ஸ்டாண்டர்ட் கம்பெனி 1980களின் இறுதியில் நின்றுபோனது. டால்பினும் போய்விட்டது. கடைசியாக 2014 மே மாதம் அம்பாசடரும் நின்றது. 2019ல் வேலூர் மாவட்டமே மூன்றாகப் பிரிந்து, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. 2021ல் மத்திய அரசு பழைய வாகனங்களைக் கழிக்கும் கொள்கையை அறிமுகப்படுத்தியது. 2022 ஏப்ரலில் 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாய் ஆனது. புகை, பாதுகாப்பு என்று அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் பழைய கார்கள் போகும்போது அவற்றைத் தாங்கிப் பிடித்த கைவேலையும் சேர்ந்தே போகிறது. புதிய கார்களில் பாகத்தைக் கழற்றி மாற்றுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. நுனியில் துளை போடும் வித்தையைப் பட்டறைப் பையன்கள் பார்த்துத்தான் கற்றார்கள். பார்க்க வேலையே இல்லாவிட்டால் எங்கே கற்பார்கள்?

பழைய ஹெரால்டோ அம்பாசடரோ வாங்க ஆசைப்படும் நண்பர்கள் பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் உள்ளே இருப்பது பட்டி. பிறகு குனிந்து, தகட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். வட்டமூலை வெட்டிய ஒட்டு ஒன்று அங்கே கண்ணில் பட்டால் பயப்படத் தேவையில்லை, வேலை தெரிந்த ஒருவர் கையில் அந்தக் கார் இருந்திருக்கிறது.