புகழேந்தியின் பெயருக்குப் பின்னால்

தாப்பாவைச் சூழ்ந்த தோட்ட லயங்களில் விளக்கொளியில் உரக்கப் படிக்கப்பெற்றது பெரிய எழுத்து ‘அல்லி அரசாணி மாலை’. அதன் முகப்பில் புகழேந்திப் புலவர் பெயரே இருந்தது. நளவெண்பா பாடியவரே இதனையும் பாடினார் என நாமும் இளமையில் நம்பினோம்.

1846–47இல் இலண்டனில் ஆசிரியர் பெயரின்றித் தொடராக வந்த ஸ்வீனி டாட் கதையை முதலில் பிரெஸ்டுக்கும் பின்னர் ரைமருக்கும் உரியதாக்கினர் ஆய்வாளர். அங்கே பெயர் இல்லை. இங்கோ பெயர் உண்டு, அதுவே தடை.

வெண்பாவின் செறிவு எங்கே, சொன்னதையே அடுக்கிச் செல்லும் இந்நடை எங்கே! பிற்காலப் பேச்சு வடிவங்களும் மாலையில் மலிந்துள்ளன. திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் ஏட்டுப் புலவர்க்கன்றி வாய்மொழிப் பாடகர்க்கே உரியன. அவர் ஒருவரும் அல்லர். புகழேந்தி என்றால் நூல் விலைபோகும் என அச்சிட்டோர் கருதியிருப்பர் என்பது நம் துணிபு.

நூலகப் பட்டியல்களில் ‘ஆசிரியர் அறியப்படாதவர், புகழேந்திமேல் ஏற்றப்பெற்றது’ எனத் திருத்தி எழுதுதல் வேண்டும்.