கரிசல் பாதையும் நிலத்தின் விலையும்

கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் மண் நனைந்தால் உப்பிக் குழையும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாட்டுவண்டிச் சக்கரம் இருசு வரை இறங்கிவிடும். கொட்டிய சரளையை அடுத்த மழைக்கே மண் விழுங்கிவிடும். அதனால் இங்கே நெடுங்காலம் பாதை என்பதே கோடைக்கு மட்டும் உரியது. பருத்தி எடுப்பு மாசிக்குப் பிறகு வந்தது நல்லதாயிற்று. காய்ந்த தடத்தில் பொதிவண்டிகள் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போயின.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. கரிசல் பருத்தியின் விலை ஏறியது. ஆனால் ஏறிய விலை முழுவதும் சம்சாரியின், அதாவது விவசாயியின், கைக்கு வரவில்லை. விதைப்புக் காலத்திலேயே முன்பணம் வாங்கியவர், கொடுத்தவர் சொன்ன விலைக்குத்தான் அளக்க வேண்டியிருந்தது. வண்டியும் மாடும் வைத்திருந்தவர் மட்டுமே சந்தை பார்த்து விற்றார்.

வழிப்பறிக்கு அஞ்சி விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டையில் நாடார் வணிகர்கள் வண்டியும் சரக்கும் பாதுகாப்பாகத் தங்கும் பேட்டைகள் அமைத்தனர். சரக்குக்கு இவ்வளவு என்று மகமை வசூலித்துப் பொது நிதி சேர்த்தனர். பாதையில் வந்த பணம் இப்படி ஊர்ச் சொத்தாகவும் தங்கியது.

1876-இல் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை திறந்தது. அது தொட்ட கோவில்பட்டி பஞ்சாலையும் சந்தையுமாக வளர்ந்தது. 1901-இல் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. ஒரு ஜமீனின் தலைநகரான எட்டையபுரம் ரயில் தொடாமல் சிற்றூராகவே நின்றுவிட்டது.

பின்னாளில் சாலை வந்தபோது, நிலமற்றவர்களுக்கு அது வேறு விதமாகப் பயன்பட்டது. விடியுமுன் தீப்பெட்டி ஆலை வண்டிகள் ஊர் ஊராக வந்து பெண்களை ஏற்றிச் சென்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் அந்தக் கூலிதான் அடுப்பெரித்தது. அதே வண்டிகளில் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகளும் ஏறினார்கள் என்பது இந்த வரலாற்றின் ஆறாத புண்.

1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டம் பட்டாவை ஜமீனுக்கு வரி கட்டி நிலம் வைத்திருந்த ரயத்துகளுக்குக் கொடுத்தது. அவர்களிடம் வாரத்துக்கு உழுதவர்களுக்கும் கூலியாட்களுக்கும் எதுவும் கிடைக்கவில்லை. அந்த வேறுபாடு மதுரை–கன்னியாகுமரி நான்குவழிச் சாலை வந்தபோது பணமாக வெளிப்பட்டது. ஏக்கர் கணக்கில் பேசப்பட்ட மானாவாரிக் காடு, சாலையோரத்தில் சென்ட் கணக்கில் பேசப்பட்டது. கையில் பணமிருந்த வெளியூரார் வாங்கினர். கடனிலிருந்தவர் விலை ஏறுமுன்பே விற்றிருந்தார். கையகப்படுத்திய நிலத்துக்கான இழப்பீடு பட்டாவைப் பார்த்தே வழங்கப்பட்டது. வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுதவரிடம் காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை.