காசிச்செட்டி காட்டிய வழி

நாட்டின் வரலாறு அரசாங்க ஏடுகளிலே இடம்பெறும். ஊரின் வரலாறோ, அவ்வூரார் எவரேனும் ஆர்வங்கொண்டு எழுதிவைத்தாலன்றி எஞ்சுவதில்லை. ஈழத் தமிழருள் இத்தொண்டினைத் தம் வாழ்நாள் முழுதும் மேற்கொண்டவர்களுள் முன்னோடியாக வைத்து எண்ணத்தக்கவர் சைமன் காசிச்செட்டி அவர்கள்.

இவர் கொழும்புச் செட்டி வகுப்பைச் சேர்ந்தவர். தொகையிற் சிறியதாகிய அவ்வகுப்பார் செட்டியார் தெருவையும் கொட்டாஞ்சேனையையும் சூழ்ந்த பகுதிகளிலே நெடுங்காலம் வாழ்ந்து வந்தனர். காசிச்செட்டி பிறந்தது 1807ஆம் ஆண்டிலே, கற்பிட்டியில். ஒல்லாந்தர் கோட்டை நிற்கும் அக்கடற்கரை ஊரிலே தமிழரும் சோனகரும் சிங்களரும் பறங்கியரும் கலந்து வாழ்ந்தனர். பல மொழி கேட்டு வளர்ந்த அவர் புத்தளப் பகுதியில் மணியகாரராகவும் முதலியாராகவும் கடமையாற்றினார். 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையிலே தமிழரின் பிரதிநிதியாக அமர்ந்தார். பின்னர்ச் சிவில் சேவையிற் சேர்ந்து சிலாபத்தில் நீதிபதியாகவும் இருந்தார். இவை அவருக்குப் பிழைப்பும் மதிப்பும் தந்த பதவிகள். அவர் பெயரை இன்றும் நிலைநிறுத்துவனவோ, அப்பதவிகளினிடையே ஓய்வுநேரத்தில் ஆக்கிய நூல்களேயாம்.

அவற்றுள் முதலாவது 1834இல் வெளிவந்த ‘இலங்கைக் கசற்றியர்’. கோட்டையிலிருந்த திருச்சபை அச்சகத்திலே இஃது அச்சாயிற்று. நாட்டின் மாகாணங்கள், பட்டினங்கள், கிராமங்கள், துறைமுகங்கள், ஆறுகள், ஏரிகள் என்பனவற்றை அகரவரிசையில் நிறுத்தி விளக்கும் நூல் இது. அப்பொழுது ஆசிரியருக்கு அகவை இருபத்தேழு மட்டுமே. புகைவண்டி இல்லாத காலத்தில், கொழும்பினின்றும் தொலைவான ஒரு சிற்றூரிலிருந்து இத்துணைச் செய்திகளை ஒருவர் திரட்டினார் என்பது வியத்தற்குரியது. சோனகர், முக்குவர், பரவர் முதலிய வகுப்பினரின் வழக்கங்கள் பற்றியும் அவர் கட்டுரைகள் வரைந்தார். தம் வகுப்பின் பெருமையை மட்டும் பேசாது, அயலாரின் மரபையும் பேணத்தக்க பொருளாகக் கருதிய விரிந்த நோக்கு இங்குப் புலனாகின்றது.

1859இல் யாழ்ப்பாணத்திலே அச்சேறிய ‘தமிழ் புளூட்டாக்’ அவர்தம் இறுதிப் பெரும்பணி. கிரேக்க, உரோமப் பெருமக்களின் சரிதங்களை எழுதிய புளூட்டாக்கின் பெயரைத் தாங்கிய இந்நூல், ஏறத்தாழ 200 தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்திற் கூறுவது. ஈழத்துப் புலவரும் இதில் இடம்பெற்றனர். நூல் வெளிவந்த அடுத்த ஆண்டே, 1860 நவம்பரில், அவர் மறைந்தார்.

இந்நூலிலே குறைகள் இல்லாமலில்லை. கன்னபரம்பரைக் கதைகள் பல ஆராயப்படாமலே இடம்பெற்றன. கால வரையறைகளும் பல இடங்களிற் பொருந்தா. ஆயினும் அவர் எழுதிய காலத்தை நாம் நினைத்தல் வேண்டும். தாமோதரம்பிள்ளையவர்கள் கலித்தொகையைப் பதிப்பித்தது 1887இல். சாமிநாதையரவர்கள் புறநானூற்றைப் பதிப்பித்தது 1894இல். ஏட்டுச் சுவடிகளையும் கேட்ட செய்திகளையும் கொண்டே காசிச்செட்டி எழுதவேண்டியிருந்தது. அவர் எழுதிவைத்தமையாலன்றோ பின்வந்தோர் திருத்த இயன்றது! 1886இல் ஆணல்ட் சதாசிவம்பிள்ளை பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்டார். 1946இல் தமிழ் புளூட்டாக் கொழும்பிலே தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புக்களுடன் மறுபதிப்புப் பெற்றது. எழுதப்பட்ட பிழையைத் திருத்தலாம். எழுதப்படாத செய்தியை மீட்டல் அரிது.

இதன் பொருளை நம் தலைமுறையினர் துன்பத்தினூடே அறிந்தனர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. 1983 யூலையிலே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் இல்லங்கள் எரியுண்டன. வீட்டோடு அழிந்தவை பொருள்கள் மட்டுமல்ல. குடும்பப் படங்கள், காணி உறுதிகள், கடிதங்கள், கோயில் விழா மலர்கள் ஆகிய ஊர் வரலாற்றின் மூலங்களும் அழிந்தன. பல பிரதிகளாக அச்சேறிப் பல இடங்களிற் பரவியமையாலேயே காசிச்செட்டியின் நூல்கள் நமக்குக் கிடைக்கின்றன. இவ்வுண்மையை உணர்ந்த தன்னார்வத் தொண்டர்கள் 2005இல் ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்படிகளாக்கி வருகின்றனர். காசிச்செட்டியின் தொண்டு புதிய கருவிகளுடன் தொடர்கின்றது எனலாம்.

மாணவர் இதனிடத்துக் கொள்ளத்தக்க பாடம் யாது? கொட்டாஞ்சேனையிலே ஒரு தெரு அப்பெயர் பெற்ற காரணம், வெள்ளவத்தையிலே ஒரு கடையோ கோயிலோ தோன்றிய ஆண்டு, 1983இன் பின் ஒரு குடும்பம் சென்று சேர்ந்த நாடு ஆகியன முதியோர் பலரின் நினைவில் மட்டுமே உள்ளன. அவர்களிடம் கேட்டு, சொன்னவர் பெயரையும் கேட்ட நாளையும் உடன் குறித்து, ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் எடுத்து வைத்தல் எவர்க்கும் இயலும். 1942இல் நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூல்நிலையம் வெள்ளவத்தையிலேயே உள்ளது. கேட்டவற்றை அங்குள்ள நூல்களோடு ஒப்புநோக்கவும் வாய்ப்புண்டு. கற்பிட்டியிலிருந்து ஓர் இளைஞர் இலங்கை முழுவதையும் எழுத முற்பட்டார். நாம் நம் தெருவையேனும் எழுதுதல் அவர்க்குச் செலுத்தும் நன்றியாகும்.